மத்து சொன்ன சொல்

அம்மாச்சி காலமான பின் ராஜபாளையம் வீட்டுப் பரணிலிருந்து ஒரு மத்து இறங்கியது. காம்பின் நடுவே கயிறு ஓடித் தேய்ந்த தடம். “வெயில் ஏறுமுன்ன கடைஞ்சிரணும், இல்லேன்னா வெண்ணெ திரளாது” என்று அவர் சொல்வது காதில் கேட்டது. ‘கடைதல்’ என்ற சொல்லைத் தேடத் தொடங்கியது அன்றுதான்.

அகராதியைத் திறந்தேன். கடைத்தெருவும் கடைசியும் வேறு. இது தனி வினை. தயிர் கடைவது, கீரை கடைவது, மரம் கடைவது, தீக்கடைகோலால் நெருப்பு கடைவது எல்லாம் அதற்குள் இருந்தன. வெண்ணெயையும் மரத்தையும் நெருப்பையும் ஒரே சொல் எப்படிக் கட்டியது?

தெலுங்கு பேசும் எதிர்வீட்டுப் பெரியம்மா மத்தைப் பார்த்ததும் “கவ்வம்” என்றார். கன்னடத்தில் அது கடகோலு. உடுப்பி கிருஷ்ணன் கையில் இருப்பது. மலையாளத்தில் கடகோல். கருவிக்குத் தமிழில் மத்து என்ற பெயர் நிலைத்தது. அதை வடமொழியின் ‘மந்த’ என்பதோடு இணைப்போர் உண்டு. ஆனால் கை செய்யும் வேலைக்கான வினை தென்மொழிகள் பலவற்றின் பொதுச்சொத்தாகவே நின்றுவிட்டது.

ஆண்டாள் ஊரில் கடைதல் இன்னும் இருக்கும் என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். திருப்பாவையின் ஏழாம் பாட்டில் ஆய்ச்சியர் தயிர் கடையும் ஒலி கேட்கவில்லையா என்று கேட்டுத்தான் தோழியை எழுப்புகிறார்கள். அதற்கும் பல நூற்றாண்டு முந்தைய பெரும்பாணாற்றுப்படையில் மத்தின் முழக்கம் புலியின் குரலாகக் கேட்கிறது. அதில் மோர் விற்கும் ஆயர்மகள் நெய்க்கு விலையாகப் பொன்னை வாங்காமல் எருமையும் பசுவும் கேட்கிறாள். இரண்டிலும் கடைவது விடியற்காலையில். சூடு ஏறினால் கொழுப்பு இளகும், உருண்டு சேராது. அம்மாச்சியின் கணக்கும் அதுவே.

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவின் ஊர் அல்லவா? ஒரு பட்டறையில் அடுப்படியில் நின்றவரிடம், “அண்ணாச்சி, எவ்வளவு நேரம் கடைவீங்க?” என்றேன். “கடையறது வேற, கிண்டுறது வேற தம்பி. கரண்டி அடிபிடிக்காமக் கிண்டும். மத்துன்னா அந்தப் பக்கம் சுத்தி, இந்தப் பக்கம் திரும்பணும்” என்றார்.

திரும்பி வந்ததும் ராஜபாளையத்தில் ஒரு கடைசல் பட்டறைக்கு மத்தை எடுத்துப்போனேன். முதியவர் காம்பின் வளையங்களைத் தடவிப் பார்த்தார். “இது கயித்துல கடைசல் பிடிச்சது” என்றார். மோட்டார் வருமுன் ஒருவர் கயிற்றை முன்னும் பின்னும் இழுக்க, மரம் இருபுறமும் மாறிமாறிச் சுழலும். மற்றவர் உளியைப் பிடிப்பார். தீக்கடைகோலும் அப்படித்தான், உள்ளங்கைகளுக்கு நடுவே உருளும் கீரை மத்தும் அப்படித்தான்.

அங்கே எனக்கு விடை கிடைத்தது. இந்தச் சொல்லுக்குள் இருப்பது வெண்ணெயோ மரமோ நெருப்போ அல்ல. போய்த் திரும்பிச் சுழலும் அந்த அசைவு. கடைந்து செய்த மத்துதான் பிறகு தயிரைக் கடைகிறது. நெடுநேரம் அசைத்தால் சாரம் மேலே வரும். அதனால்தான் ஒன்றின் முழுச்சாரத்தை இன்றும் ‘கடைந்தெடுத்தது’ என்கிறோம்.

இன்று மிக்ஸியில் தயிரை அடிக்கிறோம், கீரையையும் அடிக்கிறோம். அதன் கத்தி ஒரே பக்கமாகச் சுற்றுகிறது. கயிறு கையிலிருந்து நழுவியதோடு ‘கடைதல்’ என்ற சொல்லும் வாயிலிருந்து நழுவுகிறது. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு மத்து இருக்கலாம். அதைப் பிடித்த கைகள் இருக்கும்போதே கீழே இறக்குங்கள். அதன் ஒவ்வொரு உறுப்புக்கும் அவர்கள் சொல்லும் பெயரை எழுதி வையுங்கள்.