நாலாம் நம்பரில் மட்டும் அடித்த காற்று

காரில் ஏ.சி. போட்டால் குளிர் இருக்கிறது. ஆனால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எதில் வைத்தாலும் காற்று வருவதில்லை. நாலில் வைத்தால் மட்டும் புயல் மாதிரி அடிக்கிறது. குமிழைத் திருகி வேகம் மாற்றும் பழைய வண்டி வைத்திருக்கும் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும். எங்கள் வண்டிக்குச் சென்ற மே மாதம், கத்திரி வெயிலின் நடுவில் வந்தது.

வந்த நேரம்தான் சரியில்லை. என் மனைவிக்குத் திருச்சியில் கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. இன்னும் மூன்றே நாள். ஆபரேஷனுக்கு ஒரு நடை, மறுநாள் கட்டுப் பிரிக்க ஒரு நடை, ஒரு வாரம் கழித்துக் காட்ட இன்னொரு நடை. தஞ்சாவூரிலிருந்து போக மட்டும் சுமார் 55 கிலோமீட்டர். கண்ணில் தூசி படக் கூடாது, முகத்துக்கு நேரே காற்று அடிக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கண்ணாடியை இறக்கினால் தூசி, ஏற்றினால் வேக்காடு.

"நாலுல வச்சு, காத்தைக் கால் பக்கம் திருப்பிவிட்டுப் போயிடலாமேங்க" என்றாள். நியாயமான யோசனைதான். ஆனால் மற்ற மூன்றும் ஏன் போயின என்று தெரியாமல், நாலும் செங்கிப்பட்டி தாண்டியதும் போகாது என்று எதை நம்பிச் சொல்வது?

வழக்கமாக விடும் சர்வீஸ் சென்டரில் ஐந்து நிமிடம் பார்த்தார்கள். "ப்ளோயர் மோட்டார் போயிடுச்சு சார். அசெம்ப்ளியா மாத்தணும். ஒன்பதாயிரம் சொச்சம் ஆகும், பார்ட் வர நாலு நாள்" என்றார் அங்கிருந்த பையன்.

"மோட்டார் போயிருந்தா நாலுல எப்படித் தம்பி ஓடுது?"

அவர் என்னைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார். "மாத்திட்டா எல்லாம் சரியாயிடும் சார்." அவரைச் சொல்லியும் குற்றமில்லை. கழற்றி மாட்டத்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

நான் தொலைபேசித் துறையில் 36 வருடம் குப்பை கொட்டியவன். போன் வேலை செய்யவில்லை என்று புகார் வந்தால், உடனே கம்பத்தில் ஏற மாட்டோம். டயல் டோன் வருகிறதா, மணி அடிக்கிறதா, அவர்கள் பேசுவது இங்கே கேட்கிறதா என்று முதலில் கேட்போம். எது இன்னும் வேலை செய்கிறதோ, அதுவரைக்கும் லைன் நல்லது. மிச்சத்தில்தான் தேட வேண்டும்.

அதே கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். நாலில் ஓடுகிறதென்றால் மோட்டார் உயிரோடு இருக்கிறது, ஃப்யூஸும் நன்றாக இருக்கிறது. (எந்த நம்பரிலும் ஓடவில்லை என்றால் முதலில் ஃப்யூஸ், அப்புறம் ரிலே, மோட்டாரின் கார்பன் பிரஷ் என்று வேறு வரிசையில் பார்க்க வேண்டும்.) நாலுக்கும் மற்ற மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு பொருள், ரெசிஸ்டர். நம் வீடுகளில் அந்தக் காலத்தில் சீலிங் ஃபேனுக்குப் பெட்டி ரெகுலேட்டர் இருந்ததே, ஒன்றில் வைத்தால் தொட முடியாமல் சுடுமே, அதே சங்கதிதான். கரண்ட் ஒரு கம்பிச் சுருள் வழியாகப் போகும்போது கொஞ்சம் சூடாக வீணாகிறது, மோட்டாருக்குக் குறைவாகப் போய்ச் சேர்கிறது. நாலில் மட்டும் சுருளைத் தொடாமல் நேரே போய்விடும். 1827-ல் ஓம் என்ற ஜெர்மன்காரர் எழுதிவைத்த விதிக்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு அருகில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்கிறார். வேப்பமரத்தடியில் தகரக் கொட்டகை. விஷயத்தைச் சொன்னதுமே "ரெசிஸ்டர்தான் சார்" என்றார். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, க்ளவ் பாக்ஸை இறக்கி, இரண்டு ஸ்குரூவைத் திருகி அதை வெளியே எடுத்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான். என் பழைய மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். ஓரிரு ஓம் காட்ட வேண்டிய இடத்தில் ஒன்றுமே காட்டவில்லை. அதிலிருக்கும் வெப்ப ஃப்யூஸ் அறுந்திருந்தது. அளவுக்கு மீறிச் சூடேறினால் தானே அறுந்துபோவதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள்.

கனெக்டரைத் திருப்பிக் காட்டினார். ஒரு பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. எங்கள் வண்டியில் நாலாம் நம்பர் கரண்டும் அதே கனெக்டர் வழியாகத்தான் போகிறது. காத்தைக் கால் பக்கம் திருப்பிவிட்டுப் போயிருந்தால் அந்தப் பின் இன்னும் எத்தனை கிலோமீட்டர் தாங்கியிருக்குமோ! பக்கத்தில் நின்ற என் மனைவியிடம் அதைக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

புது ரெசிஸ்டரைப் போட்டு முடித்திருக்கலாம். எலக்ட்ரீஷியன் விடவில்லை. "இது சும்மா போகாது சார். இதைக் குளிர வைக்கிறதே ப்ளோயர் காத்துதான். காத்து குறைஞ்சாத்தான் வேகும்." ஃபேனைக் கையால் சுற்றிப் பார்த்தார். உரசல் இல்லாமல் லேசாகச் சுற்றியது. பிறகு ஏ.சி. ஃபில்டரை உருவினார். மண்ணும் காய்ந்த வேப்பம்பூவும் சருகும் அப்பி, பழைய மிதியடி மாதிரி இருந்தது. மூன்று மாதத்துக்கு முந்தைய சர்வீஸ் பில்லில் 'ஏ.சி. ஃபில்டர் சுத்தம் செய்தது' என்று ஒரு வரி இருக்கிறது. அதற்குப் பணமும் கட்டியிருக்கிறேன். பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், அடுத்த சர்வீஸின்போது பேசிக்கொள்ளலாம்.

ரெசிஸ்டர் 650 ரூபாய், ஒயரோடு புதுக் கனெக்டர் 150, ஃபில்டர் 350. கூலி 300 கேட்டார், 500 கொடுத்தேன். மறுநாள் காலையிலேயே வேலை முடிந்துவிட்டது.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. கட்டுப் பிரித்துத் திரும்பும்போது கண்ணாடிகளை ஏற்றி, இரண்டாம் நம்பரில் வைத்திருந்தேன். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் மனைவி துவாக்குடிக்கு முன்பே தூங்கிவிட்டாள். வல்லம் வரும்போது விழித்து, "கொஞ்சம் குளிருதுங்க, ஒண்ணுல வைங்க" என்றாள்.

வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்துவதை மட்டும் நான் விடவில்லை. எங்கள் தெருவில் வேறு நிழல் கிடையாது. ஏப்ரல் பிறந்ததும் நானே க்ளவ் பாக்ஸை இறக்கி ஃபில்டரை உருவித் தட்டிவிடுகிறேன். பத்து நிமிட வேலை, ஸ்குரூ டிரைவர்கூட வேண்டியதில்லை.