மறைத்த வரிசையும் நீக்கிய வரிசையும்

இசைக்குறிப்பு மென்பொருளில் ஓர் ஐங்கோட்டை, அதாவது ஸ்டாஃப் எனப்படும் ஐந்து கோடுகளின் வரிசையை, தாளிலிருந்து அகற்ற இரு வழிகள் உண்டு. ஒன்று மறைத்தல், மற்றது நீக்குதல். அச்சில் இரண்டின் தோற்றமும் ஒன்றே. கோப்பினுள் அவை முற்றிலும் வேறானவை.

மியூஸ்ஸ்கோர் மென்பொருளின் வாத்தியப் பட்டியலில் கண் சின்னத்தை அழுத்தினால் வரிசை மறையும். மீண்டும் அழுத்தினால் ஸ்வரமும் சாகித்தியமும் குலையாமல் திரும்பும். நீக்கினாலோ, அவ்வரிசையின் ஸ்வரங்களும் அவற்றோடு பிணைந்த சாகித்தியமும் சேர்ந்தே போகும். கோப்பைச் சேமித்து மூடிய பிறகு 'செயல்தவிர்' கட்டளையும் உதவாது. வெற்று வரிசைகளை மட்டும் மறைக்கும் வசதி மூன்றாவது. பல்லியப் படைப்புகளில் முதற்பக்கத்தில் எல்லா வாத்தியங்களையும் காட்டிவிட்டு, பின்வரும் பக்கங்களில் ஓய்ந்திருப்பனவற்றை மறைப்பது பழைய அச்சு மரபு. யார் யார் இருக்கிறார்கள் என்று முதலில் அறிவித்த பின்பே மறைக்கிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

கர்நாடக இசை ஆய்வில் இந்த வேறுபாடு கூர்மையடைகிறது. பெங்களூரில் ஓர் ஆய்வு மாணவி தோடி ராகக் கிருதி ஒன்றின் ஒலிப்பதிவை எழுத்தாக்கியபோது மூன்று வரிசைகள் அமைத்தார். முதலாவதில் பாடப்புத்தகத்தில் உள்ளது போன்ற ஸ்வரங்கள்; இரண்டாவதில் பாடகரின் குரல் உண்மையில் அசைந்த விதம்; மூன்றாவதில் அதே கிருதிக்கு வழங்கும் வேறொரு பாடம். தோடியின் காந்தாரம் முதல் வரிசையில் ஒற்றை 'க'. குரலிலோ அது ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே ஊசலாடுகிறது. பக்கம் நெரிசலாக இருக்கிறது என்ற ஆலோசனைக்கு இணங்கிக் கீழிரு வரிசைகளையும் அவர் மறைத்தார். எதையும் நீக்கவில்லை.

ஆனால் ஆய்வேடு பி.டி.எஃப் வடிவில்தான் ஒப்படைக்கப்படுகிறது. சோத்கங்கா களஞ்சியத்தில் பின்வருவோர் படிப்பதும் அதையே. மியூஸ்ஸ்கோர் கோப்பில் மறைந்த வரிசை உயிரோடிருக்கும். மியூசிக்எக்ஸ்எம்எல் வடிவமும் 'அச்சிடாதே' என்னும் குறிப்புடன் அதைச் சுமக்க வல்லது. பி.டி.எஃப்பில் அதன் சுவடே இராது. ஆய்வாளருக்கு மறைப்பாக இருந்தது வாசகருக்கு நீக்கமாகிவிடுகிறது.

இது கணினியோடு பிறந்த சிக்கல் அன்று. நம் கிருதிப் புத்தகங்கள் பெரும்பாலும் கமகத்தை எழுதுவதில்லை. ஆசிரியரின் குரலில் அது இருந்தவரை, அந்த விடுபாடு மறைப்பு மட்டுமே. கேட்டு நிரப்பிக்கொள்ள முடிந்தது. பாடாந்தரம் அறுந்த கிருதிகளில் அது நீக்கமாயிற்று. 1890களில் சென்னையில் சின்னசாமி முதலியார் கர்நாடகக் கிருதிகளை ஐரோப்பிய ஐங்கோட்டிலேயே எழுதி வெளியிட்டார். அவர் ஊக்குவித்த சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் எட்டயபுரத்தில் தெலுங்கு எழுத்தில் வெளியானது. கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு, ஜாரு முதலிய கமகங்களுக்குத் தனித்தனி அடையாளங்களை ஸ்வரங்களோடு சேர்த்து அச்சிட்ட நூல் அது. அச்சுக்கோப்பவருக்கு அது எளிய வேலையாக இருந்திருக்க இயலாது. அந்தப் பக்கங்கள் நெரிசலானவைதாம். அந்த நெரிசலால்தான் இன்றைய ஆய்வாளர் அன்றைய கமகத்தைப் பற்றி வாதிடவேனும் முடிகிறது.

கோப்பைக் காப்பாற்றினால் போதும் என்றும் இருந்துவிட முடியாது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வழக்கிலிருந்த ஃபினாலே மென்பொருளின் வளர்ச்சி நிறுத்தப்படுவதாக 2024 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. மென்பொருள் ஓய்ந்தால் அதன் கோப்புகளில் மறைத்து வைத்தவையும் எட்டாமற் போகக்கூடும்.

ஆகவே ஆய்வேட்டின் உடற்பகுதியில் வரிசையை மறைப்பதில் பிழையில்லை. முழு வரிசைகளும் தெரியும் படி ஒன்றைப் பின்னிணைப்பாகச் சேர்க்க வேண்டும். மியூசிக்எக்ஸ்எம்எல் கோப்பையும் உடன் வைக்க வேண்டும். எவ்வெவ்வரிசைகள், ஏன் மறைக்கப்பட்டன என்று முன்னுரையில் இரண்டு வரி எழுதிவிட வேண்டும். பெங்களூர் மாணவியின் மூன்று வரிசைகளும் இவ்வாறே பின்னிணைப்பில் இடம்பெற்றன. அதற்குத் தேவைப்பட்டவை கூடுதலாகப் பதினொரு பக்கங்கள்.