வைஃபை இயக்கியும் நான் பட்ட கடனும்

மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவித் தரும்படி இந்த வாரமும் ஒரு மாணவர் கேட்டார். நான் உடனே சரி என்று சொல்லவில்லை. அவருடைய கணினியில் இருக்கும் வைஃபை அட்டை எந்த மாதிரி என்று கேட்டேன். அதை ஏன் கேட்கிறீர்கள் என்றார். அவரிடம் சுருக்கமாகச் சொன்னதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

2022ஆம் ஆண்டின் கோடை. தில்லியில் நான் ஆய்வு செய்துகொண்டிருந்த துறையில் ஒரு மாணவி முதுகலையை முடித்திருந்தாள். எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெண். என்னை அண்ணா என்றுதான் அழைப்பாள். நேரு பிளேஸில் வாங்கிய பழைய மடிக்கணினி ஒன்று அவளிடம் இருந்தது. அதில் விண்டோஸ் திறப்பதற்குள் தேநீர் குடித்துவிட்டு வந்துவிடலாம். நகலகத்தில் பென்டிரைவைச் செருகும்போதெல்லாம் ஒரு வைரஸ் வந்து சேரும். கட்டற்ற மென்பொருளின் பெருமையை அறை அறையாகப் போய்ப் பேசித் திரிந்த காலம் அது எனக்கு. ஒரே மாலையில் அவள் கணினியில் லினக்ஸை நிறுவினேன். எல்லாம் மின்னல் வேகத்தில் திறந்தன, வைஃபை மட்டும் இல்லை. அப்படி ஒரு அட்டை இருப்பதையே அமைப்பு காட்டவில்லை.

இந்தச் சிக்கலில் ஒரு வேடிக்கை உண்டு. வைஃபைக்கான இயக்கி இணையத்தில் இருக்கும். இணையத்துக்குப் போக வைஃபை வேண்டும். பெட்டியைப் பூட்டிவிட்டுச் சாவியை உள்ளேயே வைத்த கதை. என் கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் கணினியுடன் இணைத்து, அதன் இணையத்தைப் பகிர்ந்தேன். கைப்பேசியை அடையாளம் காணும் நிரல் லினக்ஸ் கருவிலேயே இருப்பதால் இதற்குத் தனி இயக்கி தேவையில்லை. பின்னர் அந்தச் சில்லுக்கான இயக்கியின் மூலநிரலைத் தரவிறக்கித் தொகுத்து நிறுவினேன். வைஃபை வந்தது. அவள் வியந்து பார்த்தாள். அந்த வியப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

வைஃபைக்கு மட்டும் ஏன் இத்தனை பாடு? ஓர் அட்டை இயங்க இரண்டு நிரல்கள் வேண்டும். ஒன்று இயக்கி, அது கணினியின் முதன்மைச் செயலியில், லினக்ஸ் கருவின் பகுதியாக ஓடும். மற்றது ஃபர்ம்வேர், அது அட்டைக்குள் இருக்கும் சிறு செயலியில் ஓடும். பெரும்பாலான அட்டைகளில் கணினியைத் திறக்கும்போதெல்லாம் ஃபர்ம்வேரை இயக்கிதான் அட்டைக்குள் ஏற்ற வேண்டும். அட்டை எப்படி வேலை செய்கிறது என்பதற்கான ஆவணத்தை உற்பத்தியாளர் வெளியிடாவிட்டால் இயக்கி எழுதுபவர் இருட்டில் துழாவ வேண்டியதுதான்.

அப்படித் துழாவியும் வென்றிருக்கிறார்கள். பிராட்காம் சில்லுகளுக்கு ஒரு குழுவினர் அந்நிறுவனத்தின் மூடிய இயக்கியை ஆராய்ந்து, அது செய்வதை எல்லாம் ஆவணமாக எழுதினார்கள். வேறொரு குழுவினர் அந்த ஆவணத்தை மட்டும் பார்த்துப் புதிய இயக்கியை எழுதினார்கள். பதிப்புரிமைச் சிக்கல் வராதிருக்கவே இந்தப் பிரிவினை. 2006இல் அந்த இயக்கி லினக்ஸ் கருவில் சேர்ந்தது. ஆனால் ஃபர்ம்வேரைப் பகிரும் உரிமை இல்லாததால், மூடிய இயக்கியிலிருந்து அதை வெட்டியெடுப்பதற்கென்றே ஒரு கருவி செய்ய வேண்டியிருந்தது. ஏதரோஸ் நிறுவனம் 2008இல் ஏடிஎச்9கே என்ற திறமூல இயக்கியை வெளியிட்டது. 2010 செப்டம்பரில் பிராட்காமும் தன் புதிய சில்லுகளுக்குத் திறமூல இயக்கி தந்தது. இன்று பெரும்பாலான கணினிகளில் வைஃபை தானாகவே வேலை செய்கிறது என்றால், அதற்குப் பின்னால் இத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது.

இந்த வரலாறெல்லாம் எனக்கு அன்றே தெரியும். தெரிந்திருந்தும் ஒரு பிழை செய்தேன். கருவுக்கு வெளியே தொகுத்த இயக்கி, அது தொகுக்கப்பட்ட கருவின் பதிப்புக்கு மட்டுமே உரியது. கரு புதுப்பிக்கப்பட்டால் அதை மறுபடி தொகுக்க வேண்டும். இதைத் தானாகச் செய்வதற்கு டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. அதை அமைக்கச் சோம்பல்பட்டு, கையால் தொகுத்து நிறுவிவிட்டு எழுந்தேன்.

சில வாரங்கள் கழித்து நான் ஊருக்கு ரயில் ஏறினேன். அன்றிரவு அவள் கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. காலையில் வைஃபை இல்லை. அன்று பிற்பகலில் அவளுக்கு முனைவர்பட்டச் சேர்க்கைக்கான இணையவழி நேர்காணல். பதினொரு முறை என்னை அழைத்திருக்கிறாள். நாக்பூரைத் தாண்டிய காட்டுப் பகுதியில் என் கைப்பேசிக்கு அலைவரிசை இல்லை. கடைசியில் கைப்பேசியிலேயே நேர்காணலில் கலந்துகொண்டாள். கணினியில் வைத்திருந்த ஆய்வு முன்வரைவைத் திரையில் காட்ட முடியவில்லை. அவளுக்கு இடம் கிடைக்கவில்லை.

வைஃபை இருந்திருந்தால் கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. அது காரணமே இல்லை என்று சொல்லவும் என்னால் முடியாது. மறுநாள் பேசியபோது அவள் கோபப்படவில்லை. "பரவால்லண்ணா. பழையபடி விண்டோஸே போட்டுக் குடுத்துடுங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அடுத்து யாருக்காவது போட்டுக் குடுத்தா, அது ஏன் வேலை செய்யுதுன்னும் சொல்லிக் குடுங்கண்ணா" என்றாள்.

அந்தச் சொல் இன்னும் உறுத்துகிறது. கணினி திறக்கும்போது வரும் பட்டியலில் பழைய கருவைத் தேர்ந்தெடுத்திருந்தால் வைஃபை உடனே வந்திருக்கும். நான் செய்ததுபோல் கைப்பேசியைக் கம்பியால் இணைத்திருந்தாலும் போதும். இரண்டுமே இரண்டு நிமிட வேலை. இரண்டையும் நான் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. மென்பொருளை ஆராயவும் மாற்றவும் பகிரவும் உள்ள சுதந்திரத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசிய நான், அவளை முன்பு ஒரு நிறுவனத்தை நம்பியிருந்த நிலையிலிருந்து என்னை நம்பியிருக்கும் நிலைக்கு மாற்றியிருந்தேன். அந்த நிறுவனமாவது நாக்பூர்க் காட்டில் காணாமல் போயிருக்காது.

அதே ஆண்டு டெபியன் உருவாக்குநர்கள் நடத்திய ஒரு வாக்கெடுப்பு அக்டோபரில் முடிந்தது. கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ நிறுவியிலேயே சேர்க்கலாம் என்று முடிவாயிற்று. அதற்காகத் தங்கள் சமூக ஒப்பந்தத்தையே திருத்தினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 அவ்வாறே வெளியானது. கொள்கையில் சமரசம் என்று நண்பர்கள் சிலர் வருந்தினார்கள். முந்தைய ஆண்டாயிருந்தால் நானும் வருந்தியிருப்பேன். கொள்கை எனக்கு இன்றும் பெரிதுதான். ஆனால் அதற்கான விலையை, அதைத் தேர்ந்தெடுக்காத ஒருவர் கொடுக்கும்படி ஆகக் கூடாது.

ஆகவே என்னிடம் வருபவர்களுக்கு இப்போது ஒரு முறை வைத்திருக்கிறேன். முதலில் எதையும் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கிப் பார்ப்போம். எல்எஸ்பிசிஐ கட்டளையை அவர்களே தட்டச்சு செய்து, அட்டையின் பெயரையும் அதற்குரிய இயக்கி கருவிலேயே இருக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள். இல்லையென்றால் புதிய கரு கொண்ட பதிப்பைத் தேடுவோம். அதுவும் ஆகாவிட்டால் விண்டோஸை அழிக்க மாட்டோம். கைப்பேசி இணைப்பையும் பழைய கருவுக்குத் திரும்பும் வழியையும் என் எதிரிலேயே ஒருமுறை செய்து காட்டிய பிறகுதான் கணினியைத் திருப்பிக் கொடுப்பேன். ஒரு மாலையில் முடிந்த வேலைக்கு இப்போது இரண்டு மாலைகள் ஆகின்றன.

அவள் மறு ஆண்டு வேறொரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டாள். இன்றும் விண்டோஸ்தான் பயன்படுத்துகிறாள். மாற்றச் சொல்லி நான் கேட்டதில்லை.