பிரேக் ஆயில் எண்ணெய் இல்லையாம்!

சமையலறையில் நான் டப்பா மாற்றி எடுத்தது கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாலும் சீரகம் சீரகம்தான், ஓமம் ஓமம்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. போன மே மாதம் ஒரு பிளாஸ்டிக் கேன் அந்தக் கர்வத்தை அடக்கிவிட்டது.

பள்ளிக்கூட விடுமுறை. கோவையிலிருந்து வால்பாறைக்குக் குடும்பத்தோடு போவதாக ஏற்பாடு. இரண்டு குழந்தைகள், அத்தை (என் மாமியார்தான்), நாங்கள் இருவர். வண்டி, இரண்டு கை மாறி எங்களிடம் வந்த பழைய கார். கிளம்புவதற்கு முதல் நாள் சாயந்திரம் கடைக்குப் போய்விட்டு ஓட்டி வரும்போது, ஸ்பீடாமீட்டர் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அவருக்குப் போன் செய்தேன்.

"பிரேக் ஆயில் குறைஞ்சிருக்கும். நான் வந்து பார்க்கறேன், நீ ஒண்ணும் பண்ணாதே" என்றார்.

முதல் பாதிதான் என் காதில் விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் களைத்துப் போய் ஒன்பது மணிக்கு வருவார், விடிகாலை கிளம்ப வேண்டும், அந்த வேலையாவது மிச்சமாகட்டுமே என்று பானெட்டைத் திறந்தேன். டிரைவர் பக்கமாக, என்ஜினுக்குப் பின்னால் ஒரு சின்ன வெள்ளை டப்பா. அதுதான் பிரேக்குடையது என்று முன்பு ஒருமுறை காட்டியிருக்கிறார். மூடியைத் திருகினால் கீழ்க்கோட்டுக்கும் கீழேதான் இருந்தது. ஷெட்டில் பாதி கேன் ஆயில் கிடந்தது. மேல்கோடு வரைக்கும் ஊற்றினேன். வண்டியைப் பின்னால் எடுத்து ஒழுங்காக நிறுத்தினேன். விளக்கு அணைந்தே போச்சு! உள்ளே வந்து அத்தையிடம் பெருமையடித்துக்கொண்டதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

புளிசாதத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்பு முடித்த என் பையன் கண்ணில் பட்ட எழுத்தையெல்லாம் படித்துப் பார்க்கிற வயது. அந்த கேனைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"ஏம்மா, பிரேக்குக்கு ஊத்தினேன்னு சொன்னே? இதுல இன்ஜின் ஆயில்னு போட்டிருக்கே?"

வயிற்றில் என்னவோ புரண்டது. ஆனாலும், எண்ணெய் எண்ணெய்தானே, நல்லெண்ணெய்க்குப் பதில் கடலெண்ணெய் விட்டால் பண்டம் கெட்டா போய்விடும் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். அவர் வந்தார், சாப்பிட்டார். "விளக்கு எரியலையே" என்றார். "ஆமாங்க" என்று மட்டும் சொன்னேன். ஸ்வெட்டர்களை மடித்துப் பெட்டியில் வைக்கும்போதுதான் ஆழியாறு தாண்டி மேலே ஏறுகிற அந்த ரோடு கண் முன்னால் வந்தது. நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஏறினால் இறங்கவும் வேண்டும். பின் சீட்டில் என் இரண்டு குழந்தைகள்.

மணி பத்தரை. போய்ச் சொல்லிவிட்டேன்.

அவர் கத்தவில்லை. "ஊத்தினப்புறம் பிரேக்கை மிதிச்சியா?" என்று ஒரே கேள்வி. மிதித்துத்தானே நிறுத்தினேன்! டார்ச்சை எடுத்துக்கொண்டு போனவர் நெடுநேரம் பானெட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மௌனத்துக்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அப்போதுதான் திண்ணையிலிருந்து அத்தை பேசினார்கள். "உடு கண்ணு. இவனுக்கு மூணு வயசிருக்கறப்போ காதுக்கு உடற சொட்டு மருந்தைக் கண்ணுல உட்டுட்டேன். ரெண்டு பாட்டிலும் ஒரே மாதிரி இருந்துச்சு. தண்ணிய உட்டுக் கழுவிக்கிட்டே இருந்தேன். உங்க மாமாகிட்ட மூச்சு உடலை. அவரு போய்ச் சேர்ற வரைக்கும் சொல்லலை."

"அதுதான் நான் கண்ணாடி போட்டிருக்கேனா?" என்றார் அவர். அத்தை சிரிக்கவில்லை. "டாக்டர்கிட்ட ஓடியிருக்கோணும். பயந்துக்கிட்டுக் கெடந்தேன்" என்றார்கள்.

காலையில் மெக்கானிக் தம்பிக்குப் போன் செய்தோம். "ஓட்டிக்கிட்டு வந்துராதீங்க. பெடலைத் தொடவும் வேண்டாம்" என்று சொல்லி, வண்டியைத் தூக்கிப் போக ஆள் அனுப்பினார். ஒர்க்ஷாப்பில் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டார். புது பிரேக் ஆயிலில் சில சொட்டு விட்டார்; அப்படியே தண்ணீரோடு கலந்துவிட்டது. எங்கள் டப்பாவிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சியதை இன்னொரு தம்ளரில் விட்டார். ரசத்தின் மேல் நெய் மாதிரி மினுமினு என்று மிதந்தது.

"பேருதான் ஆயிலுங்க அக்கா. இது எண்ணெயே கிடையாது. கிளைக்கால்னு ஒரு வகைத் திரவம். பிரேக்குக்குள்ள இருக்கற ரப்பரெல்லாம் இதைத்தான் தாங்கும். எண்ணெய் பட்டா ஊதிப் போயிடும்" என்றார். நான் நம்பாத மாதிரி தெரிந்ததோ என்னவோ, ஒரு புது ரப்பர் வாஷரை என்ஜின் ஆயிலில் போட்டு வைத்தார். மூன்று நாள் கழித்துப் போனபோது அது ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பிக் கிடந்தது. அப்படி உப்பினால் பிரேக் பிடித்தது விடாமல் சூடாகும்; இல்லாவிட்டால் பெடல் மிதிபட்டுப் பிடிப்பே இல்லாமல் போகுமாம்.

ஊற்றியவுடனே, பெடலை மிதிக்காமல் சொல்லியிருந்தாலும் கழற்றித்தான் பார்த்திருப்பார்கள், ஆனால் வேலை குறைந்திருக்கலாம். நான் மிதித்துவிட்டதால் மாஸ்டர் சிலிண்டர், நாலு சக்கரத்திலும் இருக்கிற ரப்பர் சாமான், ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றி, இரும்புக் குழாய்களை உள்ளே கழுவி, புதுசு ஊற்றிக் காற்று எடுத்தார்கள். ஏ.பி.எஸ். உள்ள வண்டியானால் செலவு இன்னும் எங்கேயோ போயிருக்குமாம். எங்களுக்கே மூன்று மாத மளிகைக் கணக்கு போயிற்று. இதில் வேடிக்கை என்னவென்றால், ஊற்றவே வேண்டியதில்லை! பிரேக் பேடு தேய்ந்து போனதால்தான் அளவு இறங்கி விளக்கு எரிந்திருக்கிறது. தேய்மானமோ ஒழுக்கோ இல்லாமல் அது சும்மா குறையாதாம்.

வீட்டில் கார் வைத்திருப்பவர்கள் அந்தச் சின்ன டப்பாவின் மூடியை ஒருமுறை பாருங்கள். டாட் 3 அல்லது டாட் 4 என்று போட்டிருக்கும். அதே எண் போட்ட, சீல் உடைக்காத டப்பாவிலிருந்துதான் ஊற்றலாம். திறந்து வைத்தது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கெட்டுப் போகும். குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது, அது விஷம். காரின் பெயின்டில் சிந்தினாலும் உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

வால்பாறைக்கு ஜூன் பிறப்பதற்குள் போய் வந்தோம். அவர்தான் ஓட்டினார். பிரேக் நன்றாகவே பிடித்தது. இருந்தாலும் இறங்கும்போது நாற்பது வளைவிலும் என் வலது கால் தானாகவே தரையை மிதித்துக்கொண்டு வந்தது. ஒன்பதாவது வளைவில் நிறுத்தி அணையைப் பார்க்க இறங்கியபோது கெண்டைக்கால் மரத்துப் போயிருந்தது. பின்னாலிருந்து இறங்கிய அத்தையும் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார்கள்.