மணலும் துணையாகும்

ஒரு தொழிலுக்கு இடையூறாய் நிற்பது எக்காலத்தும் இடையூறாகவே இருந்துவிடுவதில்லை. அதன் இயல்பை அறிந்து, அதற்கேற்ற கருவியைக் கண்டார்க்கு அதுவே துணையாகவும் அமையும். கனடா நாட்டு எண்ணெய்க் கிணறுகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

கனடாவின் மேற்குப் பகுதியில், ஆல்பர்ட்டா, சாஸ்கச்சுவான் என்னும் இரு மாநிலங்களின் எல்லைக்கோட்டின்மேல் அமைந்த ஊர் லாய்டுமின்ஸ்டர். இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியோர் 1903ஆம் ஆண்டில் அதனை நிறுவினர். அவ்வூரைச் சூழ்ந்த நிலப்பரப்பின்கீழ், ஏறத்தாழ 500 மீட்டர் ஆழத்தில், கனத்த கச்சா எண்ணெய் உறைகின்றது. அஃது நீர்போல் ஓடுவதன்று. வெல்லப்பாகுபோல் மெல்ல நகர்வது. அது தங்கியிருக்கும் மணற்பாறையோ, பெயரளவில் பாறையே ஒழிய, இறுகாத மணலே. அவ்வெண்ணெய் தானே பொங்கி மேலெழுவதற்குரிய அழுத்தம் அங்கே இல்லை. ஆதலின் பொறியின் துணைகொண்டே அதனை ஏற்றுதல் வேண்டும்.

முதலில் இப்பணிக்கு உத்தரப் பொறியே பயன்பட்டது. தமிழ்நாட்டு ஏற்றம்போல் நீண்ட உத்தரம் ஒன்று மேலும் கீழும் அசையும். அதன் நுனியில் தொங்கும் எஃகுத் தண்டுகள் கிணற்றின் அடிவரை சென்று, அங்குள்ள பம்பை இயக்கும். ஏறிய எண்ணெய் மீண்டும் கீழே வழியாதவாறு வால்வுகள் காக்கும். இலேசான எண்ணெய்க்கு இது நற்கருவி. கனத்த எண்ணெயிலோ இரு தொல்லைகள் நேர்ந்தன. தண்டுகள் பாகினுள் விரைந்து இறங்கமாட்டாமல் தயங்கின. எண்ணெயோடு வந்த மணல் வால்வுகளில் சிக்கிப் பம்பைத் தேய்த்தது. பொறியாளர் மணலைப் பகையெனக் கருதித் தடுக்க முயன்றனர். மணல் நின்றது, அதனோடு எண்ணெயின் வரவும் குன்றியது.

இந்நிலையை மாற்றிய கருவி எண்ணெய்த் தொழிலில் தோன்றியதன்று. ரெனே முவானோ என்பவர் பிரெஞ்சு நாட்டுப் பொறியாளர். முதல் உலகப் போரின்போது வானூர்தி சமைத்தவர். அவர் 1930ஆம் ஆண்டளவில் புதுவகைத் திருகுப் பம்பு ஒன்றை வகுத்தார். ரப்பரால் அமைந்த கூட்டின் உட்புறத்தில் இரட்டைப் புரி இருக்கும். அதனுள் ஒற்றைப் புரியுடைய உலோகத் தண்டு சுழலும். இரண்டிற்கும் இடையே சிறு சிறு அறைகள் தோன்றும். தண்டு சுழலச் சுழல அவ்வறைகள் ஒன்றன்பின் ஒன்றாக மேல்நோக்கி நகரும். அவற்றில் அகப்பட்டது பாகாயினும் மணலாயினும் உடன் ஏறும். வால்வு இன்மையால் மணல் சிக்குவதற்கும் இடமில்லை.

இப்பம்பு 1980ஆம் ஆண்டையொட்டிக் கனடாவின் கிணறுகளில் இறங்கியது. அதன்பின் பொறியாளர் மணலைத் தடுப்பதை விடுத்து, தாராளமாக வரவிட்டனர். முன்பு கற்ற பாடத்திற்கு முற்றும் மாறான துணிவு அது. தொடக்கத்தில் மணல் மிகுதியாக வந்தது, நாளடைவில் குறைந்தது. அது நீங்கிய இடங்களில், புழு குடைந்தாற்போன்ற வழிகள் நிலத்தடியில் உண்டாயின. அவ்வழிகளின் வாயிலாக எண்ணெய் எளிதில் கிணற்றை வந்தடைந்தது. பல கிணறுகளின் விளைவு சில மடங்கு பெருகிற்று.

ஆயினும் எக்கருவிக்கும் எல்லை உண்டு. பம்பினுள் செல்லும் எண்ணெயே அதற்கு வழுவழுப்பைத் தருவது. கிணற்றில் எண்ணெய் வற்றிப் பம்பு வெறுமையாய்ச் சுழலுமாயின், ரப்பர் சூடேறிப் பாழாகும். எனவே, கிணற்றின் நீர்மட்டத்தைக் காப்பதுபோல் எண்ணெய் மட்டத்தையும் விழிப்புடன் காத்தல் வேண்டும். மேலே வந்த எண்ணெய் தோய்ந்த மணலை வயலிலோ ஆற்றிலோ கொட்டுதல் தகாது. அதனை ஒதுக்கும் முறைகளுள் ஒன்று, நிலத்தடி உப்புப் படிவங்களில் குடையப்பட்ட குகைகளில் இடுவதாகும். இவ்வளவு முயன்றும், நிலத்தடி எண்ணெயின் பெரும்பகுதி கைக்கு எட்டாமல் அங்கேயே தங்கிவிடுகின்றது.

மணல் மாறவில்லை, எண்ணெயும் மாறவில்லை. அவற்றை நோக்கிய அறிவே மாறியது. ஒரு பொருளோடு போரிட்டுச் சலிப்பதற்கு முன், அதன் இயல்பு யாது, அதற்கு இயைந்த கருவி யாது என ஆராய்தல் அறிவுடையோர் கடன். அவ்வாறு ஆராய்ந்தமையாலேயே, கிணற்றை அடைத்த மணல் கிணற்றுக்கு வழி திறந்தது.