நாலு மூலைக் கட்டு

தமிழில் 'கட்டு' என்னும் சொல்லுக்கு இருக்கிற செல்வாக்கு வேறு எந்தச் சொல்லுக்காவது இருக்குமா என்பது சந்தேகந்தான். வீடு கட்டுகிறோம், தாலி கட்டுகிறோம், பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டுகிறோம், சண்டைக்குப் போனால் கச்சை கட்டுகிறோம், தோற்றுவிட்டால் மூட்டை கட்டுகிறோம். ஒருவரைப் பற்றி இல்லாததையும் பொல்லாததையும் சேர்த்துச் சொன்னால் அதற்குக் கதை கட்டுதல் என்று பெயர். அதையே காகிதத்தில் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பிச் சன்மானம் வாங்கிக்கொண்டால் நாவலாசிரியர் என்று பெயர். ஆகவே கட்டுவதைப் பற்றிப் பேச எனக்கும் ஏதோ கொஞ்சம் யோக்கியதை இருக்கிறது.

நான் சொல்ல வந்தது இவற்றில் எதுவும் அல்ல. ஒரு மோட்டார் சைக்கிளை இன்னொரு வண்டியின்மேல் ஏற்றிக் கட்டும் கலையைப் பற்றித்தான்.

ஓடுவதற்கென்றே செய்த வண்டியைத் தூக்கிச் சுமப்பானேன் என்று சிலர் கேட்கலாம். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் குடியிருப்பவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்த மழையிலும், இந்தப் பக்கத்துத் தெருக்களில் நீரில் நின்ற மோட்டார் சைக்கிள்கள் எத்தனையோ. எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்த வண்டியை உதைத்துக் கிளப்பக் கூடாது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. உள்ளே இருக்கும் இரும்புத் தண்டுதான் வளையும். ஆகையால் வெள்ளம் வடிந்ததும், மெக்கானிக் கடைகளை நோக்கிச் சின்னச் சின்ன லாரிகளில் மோட்டார் சைக்கிள்கள் ஊர்வலம் போயின.

வெள்ளம் இல்லாத காலத்திலும் இந்த ஊர்வலம் நிற்பதில்லை. பூந்தமல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் போனால், இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் திடலுக்குப் பந்தய மோட்டார் சைக்கிள்கள் வேனிலும் டிரெய்லரிலும் போவதைக் காணலாம். நம்பர் பலகையும் விளக்கும் இல்லாத அந்த வண்டிகளைப் பொதுச்சாலையில் ஓட்ட முடியாது. எத்தனை வேகம் இருந்தால்தான் என்ன? திடலின் வாசல் வரையில் பல்லக்கில்தான் போயாக வேண்டும்! இவை தவிர, மாற்றலாகிப் போகிறவர்கள், பழைய வண்டியை விற்கிறவர்கள், பிள்ளைகளுக்கு அனுப்புகிறவர்கள் எல்லாருக்கும் உற்ற துணை, 2005-ஆம் ஆண்டில் வந்த டாட்டா ஏஸ் வண்டிதான். முக்கால் டன் சுமக்கும் அந்தச் சிறு லாரிக்கு நம் ஜனங்கள் 'குட்டி யானை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எங்கள் எதிர்வீட்டுக்காரர் ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1955-இல் காங்கிரஸ் மகாநாடு நடந்ததால் தேசமெங்கும் பெயர் தெரிந்த ஊர் ஆவடி. 1961-இல் அந்தத் தொழிற்சாலை வந்த பிறகு அதன் பெருமை இரும்பாலேயே கனத்துப் போயிற்று. மனுஷர் ஆலைக்குள் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆனால் அவருடைய புல்லட் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இலேசில் நிறுத்தமாட்டார். சென்ற வருஷம் கண் டாக்டர், இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதை வேலூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு அனுப்புவதென்று தீர்மானமாயிற்று.

"மாப்பிள்ளை ஓட்டுவாரா?" என்று கேட்டேன்.

"அவருக்கு எங்கே ஓட்டத் தெரியும்? அவள்தான் ஓட்டப் போகிறாள்" என்றார்.

குட்டி யானை வந்தது. ஓட்டி வந்த இளைஞன் நல்ல சுறுசுறுப்பு. பலகையைச் சாய்த்துப் போட்டு, நாங்கள் இருவரும் கை கொடுக்க, புல்லட்டை மேலே ஏற்றிவிட்டான். சைடு ஸ்டாண்டைத் தட்டி நிறுத்தினான். ஒரு நைலான் கயிற்றை எடுத்து ஸீட்டின் மேலே போட்டு, இரண்டு பக்கத்துக் கொக்கிகளிலும் இழுத்து முடிந்தான். எல்லாம் மூன்று நிமிஷம்.

"கிளம்பலாமா, சார்?" என்றான்.

"தம்பி, அந்தக் கயிற்றை அவிழ்த்துவிடு" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"ஏன் சார்? புல்லட்டு சார், நல்ல வெயிட்டு. எங்கேயும் போவாது."

பெரியவர் சிரித்தார். "விஜயந்தா டாங்கி கிட்டத்தட்ட 40 டன், தம்பி. அர்ஜுன் 58 டன்னுக்கு மேலே. ரயில் வாகனில் ஏற்றினால் அதற்கே நாலு மூலையிலும் சங்கிலி. உன் புல்லட் என்ன கனம்?"

அந்த இளைஞன் சொன்னது அவன் ஒருவனுடைய அபிப்பிராயம் அல்ல. நம்மில் முக்காலே மூன்று வீசம் பேருடைய அபிப்பிராயமும் அதுதான். கனமான சாமான் தானாகவே அசையாமல் இருக்கும் என்று நாம் நம்புகிறோம். இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. சாமானின் எடை இரண்டு மடங்கானால், அது தரையைப் பற்றிக்கொள்ளும் பிடியும் இரண்டு மடங்காகிறது, வாஸ்தவந்தான். ஆனால், டிரைவர் பிரேக்கை மிதிக்கும்போது, நிற்க மாட்டேன் என்று அது முன்னால் பாயும் பலமும் இரண்டு மடங்காகிவிடுகிறது! சம்பளம் நூறு ரூபாய் உயர்ந்த அன்றைக்கே வீட்டு வாடகையும் நூறு ரூபாய் உயர்ந்தால் கையில் என்ன மிஞ்சும்? அந்த மிச்சந்தான் கனத்தால் கிடைக்கும் பத்திரம்.

ஐரோப்பிய நாடுகளில் சரக்குக் கட்டுவதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சாமானின் எடையில் பத்தில் எட்டுப் பங்கு முன்னோக்கி இழுத்தாலும், பத்தில் ஐந்து பங்கு பக்கவாட்டிலோ பின்னோக்கியோ இழுத்தாலும் கட்டு தாங்க வேண்டும் என்பது அந்தக் கணக்கு. ஏறக்குறைய 190 கிலோ புல்லட்டுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். முன்பக்கம் சுமார் 150 கிலோ, பக்கத்துக்கு 95 கிலோ. ஸீட்டின்மேல் சும்மா போட்ட ஒற்றைக் கயிறு இதற்கு என்ன பதில் சொல்லும்?

பெரியவர் வீட்டுக்குள் போய், பல்சக்கரப் பிடி வைத்த நாலு பட்டைகளைக் கொண்டு வந்தார். நைலான் கயிறு இழுத்தால் நீளும். தேங்காய் நார்க் கயிறு ஈரத்துக்கும் வெயிலுக்கும் ஒரு நிலையில் இராது. இந்தப் பட்டை அதிகம் நீளாது. பிடியை ஆட்ட ஆட்ட ஒவ்வொரு பல்லாக இறுகும்.

முதலில் முன்சக்கரம் தொட்டியின் முன்பலகையில் முட்டும்படி வண்டியை நேராகத் தள்ளி நிறுத்தினார்கள். சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் மரக்கட்டை. முதல் கியரில் போட்டு, பெட்ரோல் குழாயை மூடினார்கள். அதன்பிறகு பெரியவர் செய்த காரியம்தான் அந்த இளைஞனுக்கு ஆச்சரியமாயிருந்தது. சைடு ஸ்டாண்டை மடக்கிவிட்டார்! ஸ்டாண்டு என்பது வண்டி சும்மா நிற்பதற்கு ஏற்பட்டது. பட்டை போட்டுக் கீழே இழுக்கும் பாரத்தையும் சாலை கொடுக்கும் அடியையும் அந்த ஒற்றைக் காலில் ஏற்றினால் கால் வளையும், அல்லது வண்டி துள்ளிக் காலை விட்டு இறங்கிவிடும். வண்டி தன் இரண்டு சக்கரங்களின்மேலேயே நிமிர்ந்து நிற்க வேண்டும். விழாமல் பார்த்துக்கொள்வது பட்டைகளின் வேலை.

முன்பட்டைகள் இரண்டையும் ஹாண்டில்பாரின் நுனியில் மாட்டவில்லை. அங்கே மாட்டினால் ஹாண்டில்பார் திரும்பும், வளையும். முன் ஃபோர்க் குழாய்கள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் கீழ்ப் பிடியில், பழைய துணியைச் சுற்றி மாட்டினார். பட்டை அங்கிருந்து முன்பக்கமாகவும் வெளிப்பக்கமாகவும் சரிந்து தொட்டியின் மூலைக்குப் போயிற்று. இடப்பக்கம் இரண்டு பல், வலப்பக்கம் இரண்டு பல் என்று மாற்றி மாற்றி இறுக்கினார். ஃபோர்க்கு மெள்ள மெள்ள உட்கார்ந்தது. அது அமுங்கக்கூடிய அளவில் ஏறக்குறையப் பாதி வந்ததும் கையை எடுத்துவிட்டார்.

"இன்னும் இழுக்கலாமே, சார்?" என்றான் இளைஞன், இப்போது உற்சாகமாக.

"இழுக்கலாம். இழுக்கக் கூடாது" என்றார்.

இந்தக் கலையின் இரகசியம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. ஃபோர்க்கை அமுக்காமல் பட்டையைப் போட்டால், முதல் பள்ளத்தில் ஃபோர்க்கு அமுங்கும்; பட்டை தளரும்; கொக்கி கழன்று விழும். அடிவரை அமுக்கிவிட்டாலோ, ஸ்பிரிங்குக்கு அசைய இடமில்லை. எண்ணெயைக் காக்கும் ரப்பர் வளையம் நோகும். சாலையின் ஒவ்வோர் அடியும் நேரே பட்டைக்கும் கொக்கிக்கும் போகும். பாதி அமுங்கிய ஸ்பிரிங் என்ன செய்கிறது? கட்டிய கட்டை எப்போதும் மேல்நோக்கி முட்டிக்கொண்டே இருக்கிறது. அதனால் பட்டை ஒரு கணமும் தளர்வதில்லை. கட்டுண்ட பொருளே கட்டைக் காப்பாற்றுகிறது!

பூக்காரி மல்லிகை தொடுப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? நாரைத் தளர விட்டால் பூ நழுவும். அதிகம் இழுத்தால் காம்பு அறுந்துவிடும். அவளுடைய விரலுக்குத் தெரிந்த அந்த அளவுதான் பெரியவரின் விரலுக்கும் தெரிந்திருந்தது.

பின்பட்டைகள் இரண்டும் வண்டியின் சட்டத்திலிருந்து பின்பக்கமாகவும் வெளிப்பக்கமாகவும் போயின. சைலன்ஸரின் சூட்டில் பட்டை உருகிவிடும். ஆகவே அதில் படாமல், பிரேக் கம்பியை நெருக்காமல், சக்கரக் கம்பிகளுக்குள் நுழையாமல் பார்த்துக் கொண்டார். மிச்சமிருந்த வால்களைச் சுருட்டி முடிந்தார். காற்றில் படபடக்கிற வால் தானும் அவிழும், அடுத்ததையும் அவிழ்க்கும். கடைசியாக ஸீட்டைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினார். புல்லட் ஆடவில்லை, அதோடு குட்டி யானையே சேர்ந்து ஆடிற்று. "இப்போது சரி" என்றார்.

காருக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டிக் கொண்டு போகிறவர்களுக்கும் இந்த நாலு மூலைக் கட்டுதான் சாஸ்திரம். அவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. பாரம் டிரெய்லரின் அச்சுக்குச் சற்று முன்னால் அமைய வேண்டும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது இணைப்புக் கொண்டியை அமுக்க வேண்டும். பின்பாரம் கூடினால் வேகம் ஏற ஏற டிரெய்லர் பாம்பைப் போல நெளிய ஆரம்பிக்கும். பிறகு முன்னே போகும் காரும் அதன் பேச்சைத்தான் கேட்கும்.

நிற்க. இவ்வளவு சிரத்தையும் புல்லட்டின் வர்ணம் உரியாமல் இருப்பதற்காகத்தான் என்று நான் நினைத்துக் கொண்டிருந்தேன். அந்த இளைஞனும் அப்படியே நினைத்திருக்க வேண்டும். "விழுந்தா உங்க வண்டிக்குத்தானே சார் நஷ்டம்? அதான் இவ்ளோ பாக்கறீங்க" என்றான்.

பெரியவர் தெருவைக் காட்டினார். "என் வண்டி விழுந்தால் டிங்கர் கடைக்காரன் சரி பண்ணிவிடுவான். உன் வண்டிக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று உனக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

ஆவடியிலிருந்து பருத்திப்பட்டு, காடுவெட்டி வழியாகக் கரையான்சாவடிக்குப் போகும் சாலை என் மனக்கண்ணில் வந்தது. அந்தச் சாலையில் எந்தச் சுமை வண்டிக்குப் பின்னாலும் ஒரு ஸ்கூட்டர் இருக்கும். ஓட்டுவது ஓர் அம்மாள். முன்னால் நிற்பது பள்ளிக்கூடப் பையோடு ஒரு குழந்தை. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு 11 மீட்டர். ஐந்து மீட்டர் தள்ளி வருகிற அந்த அம்மாளுக்கு, மேலிருந்து ஒன்று விழுந்தால், கிடைக்கிற அவகாசம் அரை விநாடிகூட இல்லை. அவளுக்குப் புல்லட் யாருடையது என்று தெரியாது. வாடகை எவ்வளவு என்று தெரியாது. கட்டியவன் மூன்று நிமிஷத்தில் கட்டினானா, முப்பது நிமிஷத்தில் கட்டினானா என்பதும் தெரியாது. ஆனால் அந்த வித்தியாசத்தின் முழுப் பலனும் அவளுக்குத்தான்.

டிரைவரை மட்டும் குறை சொல்வதும் நியாயம் அல்ல. வாடகை பேசும்போது நாம் தூரத்தைப் பேசுகிறோம். ஏற்று கூலி, இறக்கு கூலி பேசுகிறோம். பத்து ரூபாய்க்குப் பத்து நிமிஷம் வாதாடுகிறோம். கட்டுக் கூலி என்று யாராவது பேசியதுண்டா? ஒரு நாளைக்கு இன்னொரு நடை அடித்தால்தான் தவணை கட்ட முடியும் என்ற நிலையில் இருப்பவனுக்கு, கட்டுவதற்காகச் செலவாகும் அரைமணி நேரம் கைநஷ்டம். பாதுகாப்பை இலவசமாகக் கொடு என்று கேட்டால், மூன்று நிமிஷக் கட்டுத்தான் கிடைக்கும். பெரியவர் பேசிய வாடகையை எண்ணிக் கொடுத்தார். பிறகு தனியாக ஒரு நோட்டை எடுத்து, "இது கட்டினதற்கு. பட்டையையும் நீயே வைத்துக்கொள், தம்பி. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி ஒருமுறை இறுக்கிப் பார். ஸ்பிரிங் உட்காரும், பட்டை பதியும். முதல் கட்டு என்றைக்கும் கடைசிக் கட்டு அல்ல" என்று சொல்லி அனுப்பினார்.

வண்டி தெருமுனை திரும்பும் வரையில் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, புல்லட் நின்ற இடத்தில் படிந்திருந்த எண்ணெய்க் கறையின்மேல் மணலைத் தூவிக் கொண்டிருந்தபோது டெலிபோன் மணி அடித்தது.

"சார், நசரத்பேட்டை தாண்டி நிறுத்தியிருக்கேன். முன்பக்கம் லெப்ட்டுல ரெண்டு பல் தளர்ந்திருந்துச்சு. இறுக்கிட்டேன்" என்றது அந்த இளைஞனின் குரல்.