மறிக்கிறவன் கை

கூடைப்பந்தில் புள்ளி போட்டவன் பெயர் எல்லாருக்கும் தெரியும். மறித்தவன் பெயர் யாருக்கும் தெரியாது. இதைப் பார்க்கிறவர்களின் ஞாபகமறதி என்று விட்டுவிட முடியாது. ஆட்டத்தின் கணக்குத் தாளே அப்படித்தான் அச்சடிக்கப்பட்டிருக்கிறது. ஒரு ஸ்கோர் ஷீட்டை வாங்கிப் பாருங்கள். யார் எந்தப் புள்ளியைப் போட்டார்கள் என்று எழுத இடம் உண்டு. டைம் அவுட் எழுத இடம் உண்டு. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சின்னச்சின்னதாய் ஐந்து கட்டங்கள் உண்டு. அவை ஃபவுலுக்கு. ஐந்தும் நிறைந்தால் ஆள் வெளியே. 40 நிமிடமும் எதிராளியின் முன்னால் நின்று அவனை ஒரு பந்துகூட ஒழுங்காகப் போடவிடாமல் செய்தவனுக்கு அதில் ஒரு கோடுகூடக் கிடையாது. அவன் பெயருக்கு எதிரே பேனா வர வேண்டுமானால் அவன் தப்புச் செய்திருக்க வேண்டும். போலீஸ் ஸ்டேஷன் பதிவேட்டில் சேரிக்காரன் பெயர் ஏறுவதும் இப்படித்தான்.

கல்லூரி அணியில் மூன்று வருடம் மறிக்கிற வேலை பார்த்தவன் நான். எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு இது எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். உடம்பைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். அடிபட்ட உடம்பு, உழைத்த உடம்பு, ஒதுக்கப்பட்ட உடம்பு என்று எழுதினோம். விளையாடின உடம்பைப் பற்றி எழுதினது குறைவு. அதிலும் ஆட்டம் முடிய நாலைந்து நொடி இருக்கும்போது, ஒரு புள்ளி முன்னால் இருக்கும்போது, எதிராளியின் கடைசி எறிதலை மறிக்க நிற்கிற உடம்புக்கு என்னென்ன நடக்கிறது என்பதை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

சங்கராபுரம் பக்கத்தில் எங்கள் காலனி. அப்போது அது விழுப்புரம் மாவட்டம், கள்ளக்குறிச்சி மாவட்டம் வந்தது 2019-இல்தான். மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. சுற்றிலும் கரும்பு. எங்கப்பா வெட்டின கரும்பு மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகும். எங்களுக்குத் தெரிந்த ஆட்டம் சடுகுடுதான். அதற்குப் பந்து வேண்டாம், செருப்பு வேண்டாம், காசு வேண்டாம். அறுத்துப்போட்ட கொல்லையில் கோடு கிழித்தால் போதும். ஆனால் பொங்கலுக்கு ஊர்த்தெருவில் நடக்கிற போட்டியில் எங்கள் பேரை எழுதிக்கொள்ள மாட்டார்கள். "நேரம் ஆயிடுச்சு", "டீமு ஜாஸ்தி ஆயிடுச்சு" என்று வருஷத்துக்கு ஒரு காரணம் சொல்வார்கள். உண்மையான காரணம் அந்த ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. சடுகுடு தொடுகிற ஆட்டம். பாடி வருகிறவன் தொட்டால் அவுட்டு. நாம் மறிக்க வேண்டுமானால் அவன் தொடையைக் கட்ட வேண்டும், இடுப்பைப் பிடிக்க வேண்டும், மண்ணில் புரள வேண்டும். புரண்டு எழுந்தால் யார் வேர்வை யார் மேலே என்று தெரியாது. ஊர்த்தெரு அதற்குத் தயாராக இல்லை.

2009-இல் கல்லூரியில் சேர்ந்து ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கினேன். பி.டி. மாஸ்டர் என் உயரத்தைப் பார்த்துக் கூடைப்பந்துக்குக் கூப்பிட்டார். முதல் நாள் அவர் சொன்ன முதல் பாடம்: "டேய், இது சடுகுடு இல்ல. இதுல ஆள் மேல கை படக் கூடாது. பட்டா ஃபவுலு." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொடக் கூடாது என்று எனக்குச் சொல்லித்தர ஒரு மாஸ்டர் வேண்டுமா?

ஆனால் அந்த ஆட்டத்தின் விதிப் புத்தகத்தை வாங்கி, அகராதியை வைத்துக்கொண்டு படித்தபோது ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். களத்தின் நீளம் 28 மீட்டர், அகலம் 15 மீட்டர். அதற்குள் யார் முதலில், யாரையும் இடிக்காமல், ஓர் இடத்தில் வந்து நிற்கிறாரோ அந்த இடம் அவருடையது. கால் பதிந்த தரையோடு அவர் உரிமை முடிந்துவிடுவதில்லை. அதற்கு நேர் மேலே இருக்கிற வெளியும் அவருடையதுதான். ஓர் உருளைக்குள் அவர் நிற்பதாகக் கற்பனை செய்துகொள்ளச் சொல்கிறது விதி. அந்த உருளைக்குள் அவர் கையை நேரே உயர்த்தலாம், நேரே குதிக்கலாம். எறிய வருகிறவன் அதற்குள் புகுந்து மோதினால் தப்பு மோதினவனுடையது. குடியிருந்த மனைக்கே பட்டா இல்லாத வீட்டிலிருந்து போனவன் நான். நின்ற இடமும் அதன் மேலே இருக்கிற வானமும் உனக்கு என்று ஒரு புத்தகம் சொன்னதை நான் அங்கேதான் முதலில் படித்தேன்.

கடைசி நொடியில் மறிக்கிறவனுக்கு இந்த விதிதான் ஆயுதம். செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எதிராளியின் பந்தைப் பார்க்கக் கூடாது, கண்ணைப் பார்க்கக் கூடாது. இடுப்பைப் பார்க்க வேண்டும். கண் பொய் சொல்லும், பந்து பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது. அவனுக்கு வராத கைப் பக்கம் அவனைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கையால் தள்ளக் கூடாது, நிற்கிற நிலையாலேயே தள்ள வேண்டும். முடிந்தால் ஓரக்கோட்டுக்கு ஒதுக்க வேண்டும். அந்தக் கோடு நமக்கு இன்னொரு ஆள் மாதிரி. அவன் எறிகிற மாதிரி காட்டும்போது நாம் எழும்பக் கூடாது. அவன் கால் தரையை விட்ட பிறகுதான் நம் கால் விட வேண்டும். கை நேரே மேலே போக வேண்டும். கீழே வந்தால் தொலைந்தோம். பந்தைத் தட்டவே வேண்டாம். அவனுக்கு வளையம் தெரியாமல் போனால் போதும். மணி அடிப்பதற்குள் பந்து அவன் கையை விட்டுவிட்டால், அடித்த பிறகு உள்ளே விழுந்தாலும் அது கணக்கில் சேரும். ஆகவே பந்து காற்றில் இருக்கிற வரை ஆட்டம் முடியவில்லை.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் ஒன்று பாக்கி இருக்கிறது. விசில். அது நம் கையில் இல்லை.

இரண்டாம் வருடம், கல்லூரிகளுக்கு இடையே நடந்த ஒரு போட்டி. ஒரு புள்ளி முன்னால் நாங்கள். நான்கு நொடி பாக்கி. அவர்களுடைய நல்ல ஆட்டக்காரனை மறிக்க என்னை விட்டார்கள். அவன் வலது பக்கம் வந்தான், நின்றான், எறிகிற மாதிரி காட்டினான். நான் எழும்பவில்லை. பிறகு நிஜமாகவே எழும்பினான், நானும் எழும்பினேன். என் கை காற்றில்தான் இருந்தது. பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டுக் கீழே விழுந்தது. விசில். ரெஃப்ரி விரல் என் பக்கம். எங்கள் அணிக்கு அந்தப் பகுதியில் நான்கு ஃபவுல் ஏற்கெனவே ஆகியிருந்தது. எப்படிப் பார்த்தாலும் அவனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டையும் போட்டான். ஒரு புள்ளியில் தோற்றோம். பேருந்தில் எங்கள் அணிக்காரன் ஒருத்தன், எனக்குக் கேட்கிற மாதிரியே பக்கத்தில் இருப்பவனிடம் சொன்னான்: "இவனுங்களுக்கெல்லாம் கை சும்மா இருக்காதுடா."

தோற்றதும் அந்தப் பேச்சும் எனக்குப் பெரிசாகப் படவில்லை. அதற்கு முன்னால் குழாயடியில் நடந்ததுதான் பதினைந்து வருடம் கழித்தும் உறுத்துகிறது. முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அந்த ஆட்டக்காரன் வந்தான். என்னைவிடச் சின்னவன். "அண்ணா, நீங்க தொடலண்ணா. எனக்குத் தெரியும்" என்றான்.

"அத அங்க சொல்லியிருக்கலாமே தம்பி?"

"எங்க சார் நின்னுகினு இருந்தாரு" என்றான். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இந்தக் குழாயடிச் சாட்சியை அதற்குப் பிறகு எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் வந்தது. அந்தச் சட்டத்தில் பதிவான வழக்குகளுக்காக இயக்க வேலையில் கோர்ட்டு வாசலில் நின்றிருக்கிறேன். டீக்கடையில் "நான் பாத்தேம்பா, அவங்கதான் அடிச்சாங்க" என்று சொல்கிறவர் கூண்டில் ஏறினதும் "இருட்டு, சரியா தெரியல" என்பார். நல்ல மனுஷன்தான். அவர் நிலத்தில் வேலை இருக்கிறது, ஊரில் பங்காளி இருக்கிறான். உண்மை குழாயடியில் இருக்கும், விசில் ஊதுகிற இடத்தில் இருக்காது. தொட்டானா தொடவில்லையா என்று முடிவு செய்கிற அரை நொடியில், ரெஃப்ரியின் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்பது எது? கையா, அந்தக் கை யாருடையது என்கிற எண்ணமா? இதை நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. அதனால்தான் இது இவ்வளவு சுலபமாக நடக்கிறது.

தொட்டதா என்ற இதே கேள்விக்காக ஓர் ஆட்டமே நின்றதையும் பார்த்திருக்கிறோம். 2023 அக்டோபர் 7, ஹாங்சோ ஆசிய விளையாட்டு, ஆண்கள் கபடி இறுதி. இந்தியாவும் ஈரானும் 28-28. ஒரு நிமிடம் சொச்சம் பாக்கி. பவன் ஷெராவத் பாடிப் போனார், யாரையும் தொடாமல் பக்கக் கோட்டைத் தாண்டினார், பின்னாலேயே ஈரான் ஆட்கள் போனார்கள். யாருக்கு எத்தனைப் புள்ளி, எந்த விதிப்படி என்று சண்டை. தீர்ப்பு மாறிமாறி வந்தது. ஒரு மணி நேரம் போல் ஆட்டம் நின்றது. கடைசியில் இந்தியா 33-29 என்று ஜெயித்தது. எனக்கு அதில் பட்டது ஒன்றுதான். பின்னால் கொடியும் அரசாங்கமும் இருக்கிறவனுக்கு, தொட்டதா என்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்ல முடிகிறது. விடுதிப் பையனுக்கு ஒரு விசிலோடு முடிந்துவிடுகிறது.

கல்லூரிக் கூடைப்பந்து பெரிய திருவிழாவாக நடக்கிற நாடு அமெரிக்கா. தலித் இயக்கத்துக்கும் கறுப்பர் இயக்கத்துக்கும் உள்ள உறவு நமக்குப் புதிதில்லை. 1972-இல் மகாராஷ்டிரத்துத் தோழர்கள் தங்களைச் சிறுத்தைகள் என்று அழைத்துக்கொண்டதே அங்கிருந்து வந்ததுதான். அந்த நாட்டின் 1963-ஆம் வருடத்துக் கல்லூரிப் போட்டியை நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே நேரத்தில் இத்தனை கறுப்பர்களுக்கு மேல் களத்தில் இறக்கக் கூடாது என்று எழுதாத கணக்கு ஒன்று அப்போது இருந்தது. சிகாகோவின் லயோலா அணி அதை உடைத்து நான்கு பேரை முதலிலேயே இறக்கியது. அவர்களோடு ஆட வேண்டிய மிசிசிப்பி மாநில அணி முழுக்க வெள்ளையர் அணி. கறுப்பர்கள் உள்ள அணியோடு ஆடக் கூடாது என்று அந்த மாநிலத்தில் தடையாணை வாங்கினார்கள். அது கைக்கு வருவதற்குள் அந்த அணி எல்லையைத் தாண்டிப் போய் ஆடியது. தோற்றது. ஆனால் ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு அணித் தலைவர்களும் கை கொடுத்துக்கொண்ட படம் இன்றைக்கும் பேசப்படுகிறது. அங்கேயும் கை படுவதுதான் செய்தி.

இறுதி ஆட்டம் மார்ச் 23. எதிரணி சின்சினாட்டி, முந்தின இரண்டு வருடமும் சாம்பியன், மறிப்பதில் பேர் வாங்கின அணி. முதலில் இறங்கின பத்துப் பேரில் ஏழு பேர் கறுப்பர்கள். லயோலா 15 புள்ளி பின்தங்கி, ஒட்டி வந்து, 54-54 என்று சமன் செய்து, ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. அங்கேயும் 58-58. லயோலா பந்தை வைத்துக்கொண்டு கடைசி எறிதலுக்காகக் காத்திருந்தது. ஜெர்ரி ஹார்க்னஸ் எறியப் போனார். சின்சினாட்டியின் பான்ஹாம் கை குறுக்கே வந்தது. பந்து லெஸ் ஹண்டரிடம் போனது. அவர் எறிந்தார், உள்ளே போகவில்லை. சின்சினாட்டி மறித்துவிட்டது. ஆனால் பந்து விழுந்த இடத்தில் விக் ரவுஸ் நின்றார். பிடித்தார், திரும்பப் போட்டார், மணி அடித்தது. 60-58.

மறிக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய பாடம் இல்லை. எறிதல் தவறினதோடு வேலை முடியவில்லை. அந்த நொடியில் பந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பவன் தோற்பான். உடனே திரும்பி, எதிராளியை முதுகால் மறைத்து, பந்து விழுகிற இடத்தைப் பிடிக்க வேண்டும்.

நம் சரித்திரத்தில் இந்த இரண்டாவது எறிதலில் போனவை அதிகம். 1892-இல் ஆங்கில அரசு பஞ்சமி நிலம் ஒதுக்கியது. முதல் பத்து வருடம் யாருக்கும் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே விற்கலாம் என்று நிபந்தனையே போட்டது. இடம் நம்முடையது என்று விதிப் புத்தகம் சொன்னது. ஆனால் கடனுக்கும் கைநாட்டுக்கும் மிரட்டலுக்கும் அந்த நிலம் கை மாறியது. விசில் ஊத வேண்டியவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காரணையில் அதைத் திரும்பக் கேட்டபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் செத்தார்கள். சட்டம் கிடைத்தது என்று நாம் மூச்சுவிடுகிற நேரம்தான் எதிராளி போர்டுக்கு அடியில் வந்து நிற்கிற நேரம். இதை நம் இளைஞர்களுக்குச் சொல்லும்போது, கோட்பாட்டு வார்த்தைகளைவிட ரவுஸ் போட்ட அந்த ஒரு பந்து எனக்கு உதவியாக இருக்கிறது.

இப்போது சனிக்கிழமை சாயந்திரங்களில் விடுதிப் பிள்ளைகளோடு போகிறேன். கோர்ட்டு என்று பெரிதாக ஒன்றுமில்லை. சிமெண்டுத் தரை, ஒரு பக்கம் மட்டும் வளையம், வலை கிடையாது. கடைசி நான்கு நொடி ஆட்டத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஆடுகிறோம். ஒருத்தர் எறிய, ஒருத்தர் மறிக்க. எறிகிறவர்களுக்கு ஒரு விதி வைத்திருக்கிறோம்: விசில் தப்பாக ஊதப்பட்டால், மேலே கை படவில்லை என்று எறிந்தவரே அங்கேயே, அப்போதே, சத்தமாகச் சொல்ல வேண்டும். முதலில் ஒருத்தரும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறார்கள். மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்து படிக்கிற ஒரு பெண் கணக்கு எழுதுகிறாள். நாற்பது பக்க நோட்டில் அவளே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். புள்ளிக்கு ஒரு கட்டம், ஃபவுலுக்கு ஒரு கட்டம். "இன்னொன்னு போடட்டாண்ணா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மூன்றாவது கட்டத்தைப் போட்டுத் தலைப்பில் 'மறித்தது' என்று எழுதினாள். போன வாரம் அந்தக் கட்டத்தில் பதினேழு கோடுகள் விழுந்திருந்தன.